தேங்காய்க்கு உத்தரவாதம்

பேர்போன வேகப்பந்து வீச்சாளர் இசக்கிதுரையைப் பத்து வருஷத்துக்குத் தன் அணிக்கு வளைத்துப்போட்டார் மில் முதலாளி தணிகாசலம். தோள் போனாலும் கோடிகளைக் கொட்டியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததைப் பிறகுதான் படித்தார். உடனே அணிக்குத் தைலம் தேய்க்கும் மாசாணத்தைக் கூப்பிட்டார்.

“இவர் தோள் பத்து வருஷம் தாங்கும்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லாட்டி உன் வேலை போச்சு!”

“போட்டுடலாம் முதலாளி. நல்ல காரியமாச்சே, முதல்ல அவர் கையாலேயே பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போடட்டும்.”

இசக்கிதுரை தேங்காயை ஓங்கினார். “ஐயோ, தோளு!” என்று அலறினார். பொத்தென்று விழுந்த தேங்காய், கீறல்கூட இல்லாமல் உருண்டுவந்து முதலாளியின் காலடியில் நின்றது.

மாசாணம் பவ்வியமாகப் பேனா மூடியைக் கழற்றினார்.

“தேங்காய் தாங்கும் முதலாளி. எங்கே கையெழுத்துப் போடணும்?”