ராயர் வாசலுக்கு நடந்து வந்த குழி

காக்கா வெள்ளையா இருந்த காலம்னு வச்சுக்கங்களேன். அப்போ ஏழுகுண்டுச் சீமைய வல்லாண்ட ராசான்னு ஒருத்தர் ஆண்டுக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுசன்தான். ஆனா புதுசா ஒண்ணக் கண்டா கை அரிக்கும். காலையில யானைக்குக் கொலுசு போடச் சொல்லுவாரு, சாயங்காலம் சத்தம் தாங்கலன்னு யானையத் திட்டுவாரு.

அவரு சபையில கஸ்தூரிராயர்னு ஒரு பெரிய மனுசன். பேச்சு பூரா மூக்கு வழியாத்தான் வரும். "மஹாராஜா"ன்னு ஆரம்பிச்சா, சங்கு ஊதுறாங்கன்னு பாதிப் பேரு எந்திரிச்சு நின்னுருவாங்க.

ராயருக்கு ஒச்சம்மா மேல கண்ணெரிச்சல். ஒச்சம்மா கிணறு வெட்டுறவ. ராயர் காட்டுன எடத்துல நாப்பது முழம் வெட்டியும் ஒரு தவளை கூட எட்டிப் பாக்கல. ஒச்சம்மா காட்டுன எடத்துல பதினோராம் முழத்துலயே தண்ணி பீச்சி அடிச்சுது. ராசா அவளுக்குப் பட்டுச்சேலை குடுத்தாரு. அன்னைக்குப் பிடிச்சு ராயருக்குச் சோறு எறங்கல.

ஒரு நாளு சபையில ஒரு மனு ஓலைய நீட்டுனாரு. "மஹாராஜா, செம்மேட்டுக் காட்டுக்கு அடியில சுண்ணாம்புக்கல்லு கொட்டிக் கெடக்கு. வெட்டிக்க அனுமதி குடுங்க. வெட்டி முடிச்சதும் இருந்தது இருந்தபடியே மூடித் தந்துடுறேன்."

செம்மேடு ஒச்சம்மாவோட கம்பங்காடு. அவளுக்குன்னு இருந்ததே அந்த ஒரு காடுதான்.

அந்தச் சீமையில ஒரு வழக்கம். எங்க மண்ணத் தோண்டுறதா இருந்தாலும் முதல்ல தண்டோரா போடணும். ஆட்சேபணை வந்தா சபையில விசாரிக்கணும். ஆனா எங்க நின்னு போடணும்னு யாரும் சொல்லி வைக்கல. ராயர் என்ன பண்ணுனாரு, தண்டோராக்காரன ஊருக்கு வெளிய இழுத்துட்டுப் போயி, ஒரு பாழுங்கிணத்து ஓரமா நிறுத்தி, "இங்கயே அடி, பையப்பைய அடி"ன்னாரு.

"டம்... டம்... செம்மேட்டுக்காட்ட வெட்டப் போறாங்க. ஆட்சேபணை யாருக்காச்சும் இருக்கா?"

"எனக்கு இருக்கு"ன்னு கிணத்துக்குள்ளருந்து ஒரு சத்தம்.

தண்டோராக்காரன் பறையப் போட்டுட்டு ஓடுனான். ராயர் அவன முந்திக்கிட்டு ஓடுனாரு. உள்ள தூர் வாரிக்கிட்டு இருந்தது யாரு? நம்ம ஒச்சம்மா.

அந்தச் சேத்தோடயே சபையில வந்து நின்னா.

"ராயர்தான் திருப்பி மூடித் தரேங்கிறாரே, அப்புறம் என்ன ஒச்சம்மா?"ன்னாரு ராசா.

"மூடட்டும் ராசா. வீடு கட்டுறதுக்கு முன்ன மனை பாக்குறோமில்ல? குழி தோண்டி, எடுத்த மண்ணத் திருப்பிப் போட்டுப் பாப்போம். மண்ணு மிஞ்சுனா நல்ல மனை, கொறஞ்சா ஆகாத மனை. ராயர் வாக்கையும் அப்படிப் பாத்துருவோம். உங்க தோட்டத்துலயும் சுண்ணாம்புக்கல் தரைதானே."

ராசாவுக்குக் கை அரிச்சிருச்சு. "மம்பட்டி எங்கய்யா? கொண்டா இங்க."

தோட்டத்துல இடுப்பளவு குழி வெட்டுனாங்க. கல்லு ஆறு கூடை. அத ராயர் ஆசையா ஓரமா வச்சுக்கிட்டாரு. மிச்ச மண்ணப் போட்டு மூடுனா, குழி பாதிதான் ரொம்புச்சு.

"மீதிக்கு?"ன்னா ஒச்சம்மா.

"மல்லிகைப் பந்தலண்ட எடுத்துக்கலாம்"ன்னாரு ராயர்.

எடுத்தாங்க. இந்தக் குழி ரொம்புச்சு. இப்ப பந்தலண்ட ஒரு குழி.

"அதுக்கு?"

"மாமரத்தடியில."

"அதுக்கு?"

"அந்தச் செவத்தோரம்."

ராசா கிரீடத்தக் கழட்டி மாமரத்துல மாட்டிட்டு மம்பட்டியோட முன்னால ஓடுறாரு. தளபதி கூடையத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடுறாரு. "குழி நடக்குதுய்யா, குழி நடக்குது"ன்னு ராசாவுக்குக் குதியாட்டம்.

"குழிக்குச் சாவு கெடையாது ராசா. குடிதான் மாறும்"ன்னா ஒச்சம்மா.

தோட்டம் முடிஞ்சுது. செவத்துக்கு அந்தாண்ட ராயர் வீடு. வேற மண்ணு ஏது? ராசா ராயர் வாசல்லயே ஒரு போடு போட்டாரு. செவத்தோரக் குழி ரொம்புறவரைக்கும் வெட்டுனாரு. ராயர் பொண்டாட்டி கதவத் தொறந்து, ஒரு காலத் தூக்கி, அப்படியே நின்னுட்டாங்க.

"ஏங்க, நம்ம வாசலக் காணோமே?"

"மஹாராஜா, இதுக்கு எங்கேருந்து மண்ணு எடுக்குறது?"ன்னாரு ராயர். அவரு பேச்சு மொத தடவையா வாய் வழியா வந்துச்சு.

ராசா மம்பட்டிய ஊணிக்கிட்டு அவரப் பாத்தாரு. "ஒரு வாசல் போனதுக்கே உமக்கு வாய் வழியாப் பேச்சு வருதே ராயரே. அவளுக்குக் காடே போகணுமோ?"



"சாமி, கவலைப்படாதீங்க"ன்னு ராயர்கிட்டச் சொன்னா ஒச்சம்மா. "ஓரமா ஆறு கூடை வச்சிருக்கீங்களே, அது இதுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்."

ஊரே பாக்க, ஆறு கூடைக் கல்லையும் ராயரே தலையில சொமந்து வந்து கொட்டுனாரு. குழி ரொம்பிருச்சு. அவரு பொண்டாட்டி மேல ஏறி நின்னு மிதிச்சுப் பாத்துட்டு, "இனிமே கல்லு கில்லுன்னு எதையாச்சும் தூக்கிட்டு வந்தீங்க..."ன்னு உள்ள போயிட்டாங்க.

ராசா அங்கேயே தீர்ப்பு சொன்னாரு. "செம்மேடு ஒச்சம்மாவுக்குத்தான். இனிமே இந்தச் சீமையில யாரு மண்ண வெட்டக் கேட்டாலும், மூடுற மண்ண முதல்ல குமிச்சுக் காட்டணும், அதுக்காக இன்னொரு குழி விழக் கூடாது. மேல்மண்ணத் தனியா வச்சிருந்து மேலயே போடணும். எல்லாத்தையும் ஒச்சம்மா வந்து பாத்துச் சரின்னா சரி. தண்டோராவ அந்தக் காட்டுக்காரங்க வாசல்ல நின்னு போடணும்."

அதுக்கப்புறம் எந்தக் கிணத்தக் கடந்து போனாலும் ராயர் சும்மா போறதில்ல. குனிஞ்சு எட்டிப் பாத்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் போவாரு. அதுவும் வாய் வழியா.