தங்கமாயன் போட்ட பிரேக்கு

எங்க மேட்டு ஜீப் ஸ்டாண்டுல ஒரு வழக்கம். பிரேக்கு வேலையை எவன் பாத்தானோ, அவனேதான் முதல் இறக்கத்துல டிரைவருக்குப் பக்கத்துல முன் சீட்டுல உக்காரணும். மேட்டுல இருந்து அடிவாரம் வரைக்கும் கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே கிடையாது. உக்கார மாட்டேன்னு சொன்னா அப்புறம் அவன்கிட்ட ஒருத்தனும் வண்டியை விட மாட்டான். இது மெக்கானிக் தங்கமாயன் அண்ணனுக்கும் தெரியும். தெரிஞ்சும் அந்த ஞாயித்துக்கிழமை காலையில அவர் பேசுன பேச்சு இருக்கே, அதைத்தான் சொல்லப்போறேன்.

என் ஜீப்பு எங்கப்பா காலத்து வண்டி. பாறை, ஓடை, சேறு எதுலயும் ஏறும். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்கு. முந்தின நாள் ஏலக்கா மூட்டையோட வர்றப்ப பெடலு தரை வரைக்கும் போயிருச்சு. கழட்டிப் பாத்தா, டிரம்மை உள்ள இருந்து அழுத்திப் புடிக்கிற ஷூவுல இருந்த லைனிங் பட்டை சுத்தமாத் தேஞ்சு, ரிவெட்டு டிரம்மைச் சொரண்டிக்கிட்டு இருக்கு. அந்த ஞாயித்துக்கிழமை பாத்து அடிவாரத்துல என் தங்கச்சி செல்வராணி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். புள்ளையை என் மடியில வெச்சுத்தான் குத்தணும், அதுவும் உச்சிப்பொழுதுக்குள்ள. மத்த ஜீப்பெல்லாம் விடியறதுக்குள்ள சந்தைக்கு இறங்கிருச்சு. சீர்த்தட்டும் பட்டுப்பாவாடையும் வாழைத்தாரும் பேச்சியக்கா டீக்கடை பெஞ்சுல கிடக்கு. நான் அதுக்குப் பக்கத்துல வேட்டி கசங்காம உக்காந்திருக்கேன்.

"அண்ணே, பிரேக்கு புடிக்கும்ல?"ன்னு கேட்டேன்.

வண்டிக்குப் பக்கத்துல குத்தவெச்சு ஷூவுக்குப் புது லைனிங் அடிச்சுக்கிட்டிருந்த தங்கமாயன் அண்ணன் சுத்தியலைக் கீழ வெச்சுட்டார். அவர் சுத்தியலை வெச்சாலே வேலை நின்னுரும், பேச்சு ஆரம்பிச்சிரும்.

"பவுன்ராசு, என்கிட்ட கேக்குற கேள்வியா இது? முன்ன ஒரு எஸ்டேட்டு மேனேஜர் வண்டிக்கு நான் பிரேக்கு போட்டேன். அந்த மனுசன் மூணாவது வளைவுல ஹாரன் அடிச்சுக்கிட்டே மிதிச்சிருக்கார். வண்டி அந்த இடத்துலயே நின்னுருச்சு. ஹாரன் சத்தம் நிக்கல. அது பாட்டுக்குக் கீழ போயி, ரோட்டுல நின்ன மாட்டையெல்லாம் விலக்கி விட்டுட்டு, அடிவாரத்துல போயித்தான் அடங்குச்சு."

டீ குடிச்சுக்கிட்டிருந்த காதர் பாய் நிமிர்ந்தார். காலமெல்லாம் இந்த மலையில ஜீப்பு ஓட்டி ஓய்ஞ்ச மனுசன். "வண்டிக்குள்ள இருந்தவங்க என்ன ஆனாங்க தங்கமாயா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல பாய். பின்னாடி கணக்கப்பிள்ளை ஒருத்தர் தும்ம வாயைத் தொறந்திருக்கார். வண்டி நின்ன வேகத்துல தும்மலும் பாதியில நின்னுருச்சு. பாவம், அடுத்த வாரம் மாமனார் வீட்டுப் பந்தியில உக்காந்திருக்கறப்பத்தான் மீதி வந்துச்சு. எதிர் இலையில இருந்த அப்பளமெல்லாம் பறந்து போச்சுன்னு சொன்னாங்க. நான் நேர்ல பாக்கல, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"அடேங்கப்பா, இதுல நாணயம் வேறயா?"ன்னு பேச்சியக்கா உள்ள இருந்து கேட்டுச்சு.

"அண்ணே, வெயில் ஏறுது. காது குத்துற ஆசாரி வந்து உக்காந்திருப்பார்"ன்னேன். சுத்தியலை எடுத்து ரெண்டு தட்டு தட்டினார். மறுபடியும் கீழ வெச்சுட்டார்.

"நீயாவது பரவாயில்ல, லைனிங் கிடைச்சுச்சு. ஒரு ஐப்பசி மழையில ரோடு அந்துபோயி, மேல ஒரு சாமானும் வரல. ஒரு ஜீப்புக்கு அவசரமா பிரேக்கு வேணும். நான் என்ன செஞ்சேன்னு நினைக்கிற? இதே கடைக்கு வந்து, மொத நாள் மிஞ்சின மெதுவடையை வாங்கி, வளைச்சு ஷூவுல வெச்சு ரிவெட்டு அடிச்சுட்டேன்."

பேச்சியக்கா கரண்டியோட வெளிய வந்துருச்சு. "என் வடையையா சொன்ன? வாய் அழுகிரும், பாத்துக்க."

"பாராட்டித்தான சொல்றேன், ஏன்க்கா கோவப்படுற? இன்னைக்கு வரைக்கும் தேயல. ஒரே ஒரு கஷ்டந்தான். பிரேக்கை மிதிச்சா சூட்டுல வடை வாசம் கிளம்பிரும். ஒவ்வொரு வளைவுலயும் குரங்கு கூட்டமா வந்து சக்கரத்தை மோந்து பாக்கும். டிரைவர் பாவம், சட்னி வாங்கி வண்டியிலயே வெச்சுக்கிட்டார்."

காதர் பாய் டம்ளரை வெச்சுட்டு, "அன்னைக்கு ரோடு அந்துபோச்சுன்ன. அப்புறம் அந்த ஜீப்பு எதுல போச்சு?"ன்னு கேட்டார்.

நான் கூட அண்ணன் மாட்டிக்கிட்டார்னுதான் நினைச்சேன். அவர் முகத்துல ஒரு சலனமும் இல்ல. "நல்ல கேள்வி பாய். அதைச் சொல்லத்தான் வர்றேன். அப்ப இந்த ரோட்டுல வளைவே கிடையாது. மேட்டுல இருந்து அடிவாரத்துக்குக் கோடு போட்ட மாதிரி நேர் ரோடு. நான் அந்த வண்டியைச் சோதிச்சுப் பாக்க ஏறி உக்காந்தேன். திடீர்னு குலுங்குது. என்னடான்னு பாத்தா, மழையில மலையே சரியுது. எஸ்டேட்டு, கோயில், இந்த டீக்கடை எல்லாம் சேர்ந்து அடிவாரத்தைப் பாத்துப் போயிக்கிட்டிருக்கு. மேல நான் ஜீப்புல இருக்கேன். என்ன செய்ய? பிரேக்கை மிதிச்சேன்."

"மலை நின்னுருச்சாக்கும்."

"நின்னுச்சு. ரோடு மட்டும் சுருங்கிப்போச்சு. அதான் இப்ப இருக்கிற வளைவு."

"ஒரு மிதிக்கு இத்தனை வளைவா?"

"மழைத்தண்ணி உள்ள போன பிரேக்கு ஒரே மிதியில புடிக்குமா பாய்? பம்ப் பண்ணிப் பண்ணித்தான் மிதிச்சேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வளைவு."

காதர் பாய் ரோட்டுப் பக்கம் திரும்பி, தெரிஞ்ச வளைவை விரல் விட்டு எண்ணினார். அப்புறம் மெதுவா, "ரொம்ப நல்லதாப் போச்சு. அப்பேர்ப்பட்ட கை போட்ட பிரேக்கு. முன் சீட்டுல தைரியமா உக்காரலாம்"னார்.

தங்கமாயன் அண்ணன் பேச்சு அதோட நின்னுச்சு. வழக்கம் அப்பத்தான் ஞாபகம் வந்திருக்கு போல. ஒரு தடவை ஓரத்துல எட்டிப் பாத்தார். கீழ மேகம் போயிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் ஒரு வார்த்தை பேசணுமே? ஷூவை மாட்டினார், டிரம்மைப் போட்டார், பிரேக் ஆயில் ஊத்தி, குழாய்க்குள்ள நின்ன காத்தை வெளிய எடுத்தார். கடைசியா சக்கரத்துக்குப் பின்னாடி படுத்து, ஷூவை டிரம்மோட நெருக்கி வைக்கிற போல்ட்டை முறுக்கினார். நாலு சக்கரத்தையும் முடிச்சுட்டு எந்திரிச்சவர், மறுபடியும் ஒருக்கா ஓரத்தை எட்டிப் பாத்துட்டு, திரும்பப் படுத்து இன்னொரு சுத்து முறுக்கினார்.

சீர்த்தட்டைப் பின்னாடி ஏத்தினேன். அண்ணன் முன் சீட்டுல ஏறினார். "காலைப் பாத்து வைங்கண்ணே. அந்தப் பக்கம் தரைத் தகரம் துருப்புடிச்சு ஓட்டை, மேல சாக்குதான் கிடக்கு"ன்னேன். அவர் காதுல விழுந்த மாதிரி தெரியல. நெத்தி நிறைய திருநீறு, கண்ணு ரெண்டும் மூடியிருக்கு, கை கம்பியை இறுக்கிப் புடிச்சிருக்கு.

வண்டியை எடுத்தேன். உறுமுச்சு, அணைஞ்சுருச்சு. மறுபடி எடுத்தேன். அதே கதை. கடை வாசல் நல்ல சரிவு. காதர் பாயும் பேச்சியக்காவும் சக்கரத்துக்கு முன்னாடி இருந்த கல்லை எடுத்துட்டுத் தள்ளினாங்க. ஒரு அங்குலம் நகரல.

அண்ணன் கண்ணைத் தொறக்காமலே கேட்டார். "எத்தனாவது வளைவு பவுன்ராசு?"

"இன்னும் டீக்கடை வாசல்தான்ணே."

கண்ணைத் தொறந்தார். சுத்திப் பாத்தார். சமாளிச்சுக்கிட்டு, "பாத்தியா? மிதிக்காமலே புடிக்குது"ன்னார்.

எனக்கு அழுகையே வந்துருச்சு. "அண்ணே, கிண்டல் பண்ற நேரமா இது? நான் போகலைன்னா அந்தப் புள்ளையை யார் மடியில வைப்பாங்க? செல்வராணிக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"ன்னு கத்திட்டேன்.

அவர் இறங்கிப் படுத்து, நாலு சக்கரத்துலயும் போல்ட்டைத் தளர்த்தி, கையால சுத்திப் பாத்து, அளவா வெச்சார். எந்திரிச்சு ஸ்பேனரைக் கடையில போட்டுட்டு, தானாவே வந்து முன் சீட்டுல உக்காந்தார். அதை மட்டும் நான் எங்கயும் சொல்லுவேன்.

இறங்கினோம். முதல் வளைவுல மிதிச்சேன், அலுங்காமப் புடிச்சுச்சு. ரெண்டாவதுலயும் அப்படியே. சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தமான வேலை. நான் பாட்டுக்கு ஓட்டினேன். ஆனா ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்துல இருந்து கருகின வாசம் வந்துச்சு. லைனிங் புதுசு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

மண்டப வாசல்ல வண்டி நிக்கவும் ஆசாரி ஊசியைத் துடைக்கவும் சரியா இருந்துச்சு. "மாமன் வந்தாச்சு, மாமன் வந்தாச்சு"ன்னு ஒரே சத்தம். புள்ளை என் மடியில உக்காந்து, என் மீசையைப் புடிச்சு இழுத்துக்கிட்டே வீல்னு கத்துச்சு. காதைக் குத்தி முடிச்சதும் செல்வராணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "வர மாட்டியோன்னு பயந்துட்டேண்ணே"ன்னுச்சு.

பந்திக்குப் போறப்ப வாசல்ல செருப்பைக் கழட்டினார் தங்கமாயன் அண்ணன். போன வாரம் வாங்கின டயர் செருப்பு. ஒண்ணு புதுசா அப்படியே இருக்கு. இன்னொண்ணு அப்பளமாத் தேஞ்சு, குதிகால்ல பெருசா ஓட்டை.

செல்வராணி அதைப் பாத்துட்டு, "என்னண்ணே, ஒத்தைச் செருப்பு மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு?"ன்னு கேட்டுச்சு.

அண்ணன் தொண்டையைச் செருமினார். பந்தியில நாலு பேர் திரும்பினாங்க. அவர் வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன்.

"ஜீப்புத் தரையில இருந்த ஓட்டை வழியா காலை ரோட்டுல வெச்சு அழுத்திக்கிட்டே வந்திருக்கார் தாயி. அவர் போட்ட பிரேக்கை நான் நம்புனேன், அவர் நம்பல."