கருங்கல் தொட்டியில் சிவந்த மீன்

பங்களா முதலாளி தாண்டவராயர் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, பின்னால் வெள்ளைத் தாளும் ஒட்டவைத்தார். நாலே நாளில் அவருடைய சிவப்பு மீன் வெளிறிப்போனது.

"என் மீனைத் திருடிட்டு வேற மீனை விட்டிருக்க! நாளைக்குள்ள சிவப்பு மீன் வரலைன்னா போலீஸ்தான்!" என்று தொட்டி கழுவும் காத்தாயியிடம் கத்தினார்.

காத்தாயி அசரவில்லை. வெளிறிய மீனை அவர் கண்ணெதிரே தோட்டத்துக் கருங்கல் தொட்டியில் விட்டு, பூட்டுப் போடும் கம்பிவலை மூடியால் மூடினாள்.

"நீங்களே பூட்டுங்கய்யா. சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் அவரே திறந்தார். மீன் செக்கச்செவேலென்று நீந்தியது.

"இதுதான் என் மீன்! எப்படி மாத்தின?"

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

தாண்டவராயர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"வெள்ளையில வெளுக்கும், கறுப்புல சிவக்கும். இருக்கிற இடத்துக்குத் தக்க நிறம் மாத்திக்கிறது மீனுங்கய்யா. நான் மாட்டேன்."