இருவாச்சி துப்பிய கொட்டை

அந்தக் காலத்தில் காட்டில் எல்லாருக்கும் பேச்சு வரும். வேலையைவிடப் பேச்சுதான் அதிகம். மலை முழுக்க ஒரே காடு.

குப்பாண்டி என்ற மனிதன் ராகி விதைக்க, காட்டுக்குக் குறுக்கே மரங்களை வெட்டி நீளமாக ஒரு கொல்லை போட்டான். "இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் நிறைய மரம் இருக்கே. காடு எங்க போயிடப் போகுது?" என்று எல்லாரும் சும்மா இருந்துவிட்டார்கள். வெட்டிய அன்று ஒரு பூச்சிகூடச் சாகவில்லையே! ஆனால் சின்னப் பக்கத்தில் மழைக்கு மழை ஏதாவது ஒன்று குறைந்தது. ஒரு வருஷம் மரத்தவளை கத்தவில்லை. பிறகு தேவாங்கைக் காணோம். மலையணில்களில் ஓர் அப்பனும் அவன் மகள் சிவப்பியும்தான் மிச்சம்.

கல்யாணத் தரகரான இருவாச்சிப் பறவையிடம் அப்பன் அணில் அழுதது. "இவளுக்கு மாப்பிள்ளை வரலைன்னா இந்தப் பக்கம் எங்க வம்சமே இல்ல, மாமா."

"அந்தப் பக்கம் தங்கமான பையன் இருக்கான். ஆனா கிளை விட்டுக் கிளைதான் தாவுவான். வெட்டவெளியில கால் வச்சா கழுகு விடுமா?"

"முதல்ல நிச்சயம் பண்ணுங்க. வழியைப் பிறகு பார்ப்போம்."

சீராக ஒரு காட்டு ஜாதிக்காய்ப் பழத்தையும் கொடுத்து அனுப்பியது அப்பன்.

இருவாச்சியின் நாக்கைப் பற்றித் தெரியாதா? பாதிக் கொல்லை தாண்டுவதற்குள் பழம் வயிற்றுக்குள்! ஐயையோ, வெறும் கொட்டையோடு போனால் மானம் போகுமே என்று, அதைக் கொல்லை நடுவில் துப்பிவிட்டது. அந்தப் பக்கம் போய், "சீரா? பின்னால வருது" என்று சமாளித்தது.

கொட்டை முளைத்தது. களையெடுக்க வந்த குப்பாண்டி அரிவாளை ஓங்கினான். ஆனால் வெயிலில் கூழ் குடித்து அலுத்தவன் அவன். "இருந்துட்டுப் போ, நிழலாகும்" என்று விட்டுவிட்டான். அந்தக் காலத்து மரமல்லவா! மளமளவென்று வளர்ந்து இரண்டு காட்டுக்கும் கிளையை நீட்டியது.

ஒருநாள் காலை மாப்பிள்ளை அதன்மேல் தாவி வந்தான். பின்னாலேயே சொந்தபந்தம், தேவாங்கு, மரத்தவளை என்று ஒரே கூட்டம். அப்பன் அணில் சந்தோஷத்தில் கிளைக்குக் கிளை குதித்தது.

"சீர் எங்கே, தரகரே?" என்று பிடித்துக்கொண்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"அதுமேலதான் நிக்கிறீங்க, தாயி!"

எல்லாரும் சிரித்த சிரிப்பில் மரமே ஆடியது. "இனிமே எல்லாச் சீரையும் நீங்களே தின்னுங்க மாமா, கொட்டையை மட்டும் வழியில துப்பிடுங்க" என்றது அப்பன்.

அந்தக் கல்யாணத்திலிருந்துதான், இரண்டு காட்டுக்கு நடுவே வெட்டவெளியைக் கண்டால் இருவாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு கொட்டையாவது துப்பிவிட்டுத்தான் போகும்.