ஒட்டத் தெரியாத வெட்டுக்காரன்

காட்டுக் குட்டை ஒன்று கோடையில் வற்றிப்போயிற்று. மீன்கள் செத்தன. தவளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டன. போக வழியில்லாத உருளி, சிமிழி என்ற இரண்டு கிருமிச் சகோதரிகள், ஆளுக்கொரு கெட்டியான ஓட்டைக் கட்டிக்கொண்டு மண்ணுக்குள் சுருண்டு படுத்தார்கள்.

ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் நொதி என்றொரு வெட்டுக்காரன் இருந்தான். மழை வந்ததும் கிருமி "வெட்டு!" என்பாள். அவன் உள்ளிருந்தே ஓட்டை வெட்டித் திறப்பான். அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான்.

பக்கத்து வெடிப்பில் நெளியன் என்ற புழு பட்டினி கிடந்தது. ஓடுகளைக் கடித்துப் பார்த்தது. வாய் வலித்ததுதான் மிச்சம்.

"வெளியே இருந்து முடியாது. உள்ளே இருந்தே திறக்க வைக்கிறேன்!" என்று கறுவியது.

அழுகிய மீனின் சாற்றை உறிஞ்சி வந்து, இரண்டு ஓடுகளின் மேலும் சொட்டியது. "குட்டை நிரம்பிடுச்சு! ருசி பாருங்க! இன்னுமா தூக்கம்?"

தங்கை சிமிழி துள்ளினாள். "அக்கா, சாப்பாடு! வா, போகலாம்!"

"ருசி வந்துச்சு, சரி. மண்ணு இன்னும் காய்ஞ்சுதானே கிடக்கு? கொஞ்சம் பொறுடி!" என்றாள் உருளி.

"நீ எப்பவும் இப்படித்தான்! எனக்கு இந்த இருட்டு போதும். நொதி, வெட்டு!"

"அம்மா, சொன்னா வெட்டிடுவேன். ஆனா, வெட்டினதை ஒட்ட எனக்குத் தெரியாது."

"பேசாம வெட்டு!"

வெட்டினான். ஓடு பிளந்தது. சிமிழி ஆசையாகத் தலையை நீட்டினாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. வெயில் சுட்டது. எதிரே நெளியனின் வாய் திறந்திருந்தது.

"மூடு! நொதி, மூடு!"

"தெரியாதேம்மா!" என்று அழுதான் நொதி.

நெளியன் இருவரையும் சேர்த்து விழுங்கியது. பாவம், சொல்லிப் பார்த்தவனும் போனான்.

உருளிக்கு எல்லாம் கேட்டது. தங்கையைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் தன் ஓட்டையும் வெட்ட வேண்டும். அவள் அசையாமல் கிடந்து அழுதாள்.

அன்று மாலையே மழை கொட்டியது. மண் ஊறி, ஓடு நனைந்து, குட்டை நிரம்பிய பிறகுதான் உருளி "வெட்டு" என்றாள். வெளியே வந்ததும், பழக்கத்தில் கூப்பிட்டாள்.

"சிமிழி! நிஜ மழைடி! வாடி!"

உடைந்த வெற்று ஓடு ஒன்று மிதந்து வந்து அவள்மேல் மோதியது.

திறந்தால் மூட முடியாத கதவை, வெளியே பசியோடு நிற்பவன் பேச்சைக் கேட்டுத் திறக்கக் கூடாது.