நல்லி எலும்பும் ராணியின் தம்பியும்

ராட்டையூர் பாளையத்து ராஜா பொம்மச்சொக்கரிடம் பாதி நாட்டைக் கேட்டால்கூட யோசித்துப் பார்ப்பார். நல்லி எலும்பை மட்டும் கேட்டுவிடக் கூடாது! ஆட்டுக்கறிக் குழம்பிலிருந்து அதை எடுப்பார். வெள்ளித் தட்டில் டொக் டொக்கென்று தட்டுவார். சர்ரென்று ஒரு உறிஞ்சு. உள்ளே இருக்கிற மஜ்ஜை வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அப்போது எதிரிப் படையே வந்தாலும் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கொஞ்ச நாளாக ராஜாவுக்குப் போதாத காலம். எலும்பு வருகிறது, மஜ்ஜையைக் காணோம். உறிஞ்சினால் வெறும் காற்று. முதலில் ஆட்டைத் திட்டினார். பிறகு ஆடு மேய்க்கிறவனைத் திட்டினார். கடைசியில் சமையற்காரன் ஒச்சப்பன் தலையில் வந்து விடிந்தது.

"அடேய்! என் மஜ்ஜையைத் தின்றவன் நீதானே? இவனை மொட்டையடித்துக் கழுதை மேல் ஏற்றி ஊரைவிட்டுத் துரத்துங்கள்!"

நாவிதர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். ஒச்சப்பன் தரையில் விழுந்து அழுதான். "சாமி, நான் முழுசாத்தான் அனுப்பினேன்! என் புள்ளைகுட்டி மேல சத்தியம்!"

பக்கத்தில் ராணியின் தம்பி கட்டபூபதி நின்றுகொண்டிருந்தார். ராஜாவுக்குப் போகிற சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று முதலில் ருசி பார்ப்பது அவர் உத்தியோகம். அதைத் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்துதான் பார்ப்பார். உத்தியோகத்துக்கு வந்த பிறகு ஆள் நன்றாக மினுமினுவென்று ஆகியிருந்தார். "திருட்டுப் பயல், அத்தான்! மொட்டையோடு விடாதீர்கள், புருவத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்!" என்றார்.

அரண்மனையில் ஓலை எழுதும் குழந்தையப்பன் மெதுவாக எழுந்தார். இந்த மனுஷர் எழுந்தாலே யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

"மகாராஜா, ருசி பார்க்காத பண்டம் உங்கள் வாய்க்கு வந்தால் என்ன தண்டனை?"

"ருசி பார்க்கத் தவறியவன் யானைக் காலில் மிதிபட வேண்டியதுதான்! இது என் தாத்தா போட்ட சட்டம். அதற்கென்ன இப்போது?"

"ஒன்றுமில்லை." குழந்தையப்பன் திரும்பினார். "மைத்துனரே, நல்லி எலும்புக்குள் இருந்ததை நீங்கள் ருசி பார்த்தீர்களா?"

"சேச்சே! குழம்பை ஒரு சொட்டு நக்கினேன். எலும்பை என் விரல்கூடத் தொடவில்லை!"

"கேட்டீர்களா மகாராஜா? இத்தனை நாளும் விஷம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே எலும்பை உங்கள் வாய்க்கு அனுப்பியிருக்கிறார். யானையைக் கூப்பிடலாமா?"

வெளியே யானை பிளிறியது. அது பாவம், பசிக்குத்தான் பிளிறியது. ஆனால் கட்டபூபதிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்! ஓடிப்போய் ராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ அத்தான்! ருசி பார்த்தேன்! எல்லா எலும்பையும் பார்த்தேன்! அடிவரைக்கும் பார்த்தேன்! ஒரு பொட்டு விடவில்லை! உள்ளே நாக்கு எட்டாததற்குக் குச்சி விட்டுக்கூடக் குடைந்து பார்த்தேன்! என்னைப்போல் கடமை தவறாதவன் இந்த நாட்டிலேயே கிடையாது!"

சபையே கொல்லென்று சிரித்தது. நாவிதர் கத்தியை மடக்கினார். ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

ராஜா பல்லைக் கடித்தார். என்ன செய்வார், ராணிக்குத் தம்பியாயிற்றே! "மச்சினரே, இனிமேல் நீர் சுரைக்காய்க் கூட்டை மட்டும் ருசி பாரும். மூன்று வேளையும் பாரும்!"

பிறகு அவருக்கே ஒரு கவலை வந்துவிட்டது. "குழந்தையப்பா, இனி நல்லியை யார் ருசி பார்ப்பது? எதிரி எவனாவது அதில் விஷம் வைத்துவிட்டால்?"

"அந்தப் பயமே வேண்டாம் மகாராஜா. விஷம் வைக்க வருகிறவன் உள்ளே எட்டிப் பார்ப்பானா இல்லையா? மஜ்ஜையைக் கண்ட பிறகு விஷம் வைக்க எவனுக்கு மனசு வரும்? அவனே உறிஞ்சிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிக் குழந்தையப்பனுக்குப் போட்டார். "அப்படியென்றால் எலும்பு காலியாக வந்தால்?"

"எதிரி வந்து சாப்பிட்டுப் போய்விட்டான், நீங்கள் தைரியமாகத் தூங்கலாம் என்று அர்த்தம், மகாராஜா!"