சம்பந்திக்கு இலை இல்லை

வெகு காலத்துக்கு முன்னே செங்கழுநீர்ப்பட்டணத்தை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் யார் கடைசியாகக் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதே அவனுக்கு வேதம். ஓதுவதற்கென்றே பக்கத்தில் நின்றவர் பூபதிராயர். நகர நிர்வாகம் அவர் கையில். ஊரில் வாடகைக்கு விட்ட வீடுகளில் பாதி அவருடையவை.

ஒருநாள் ராயர், "மகாராஜா, உப்பரிகையில் நின்று பார்த்தால் ஒரே கூரைக் காடு. தலைநகருக்கு இது அழகா?" என்றார். அவ்வளவுதான், சட்டம் பிறந்துவிட்டது. பழைய வீடுகள் அப்படியே இருக்கலாம். புதிதாகக் கட்டினால் சுற்றிலும் ஒரு தோட்டத்துக்கு இடம் விட வேண்டும். வீட்டின் மேல் வீடு கூடவே கூடாது.

ஊருக்குப் பிழைக்க வரும் சனம் நின்றதா? இல்லை. கட்ட இடமில்லாததால் இருந்த வீடுகளுக்கு அடிபிடி. ராயர் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு பகல், மந்திரி அறவாழியார் சந்தை மண்டபத்துக்குள் ஒதுங்கினார். உள்ளே குடும்பம் குடும்பமாகச் சனம். இரண்டு தூணுக்கு நடுவே சேலையைக் கட்டி, அதன் மறைவில் ஒருத்தி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். அரண்மனைக்குப் பூக்கட்டும் பேச்சி.

"வீடு வாசல் இல்லையா தாயி?" என்றார் மந்திரி, பதறிப்போய்.

அவள் புருஷன்தான் பதில் சொன்னான். "மாமனார் வீட்டு மேல ஒரு அறை போட்டோம் சாமி. ராயர் ஆளு வந்து இடிச்சுட்டான். வேணும்னா ராயர் வீட்டுக்குக் குடி வாங்கன்னு சொல்லிட்டுப் போனான். அந்த வாடகைக்கு எங்க ரெண்டு பேர் கூலியும் காணாது."

தூவானம் அந்தச் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது. அறவாழியாருக்கு நெஞ்சு கொதித்தது. மருத்துவச்சியை அனுப்பிவிட்டு, ஈர வேட்டியோடு சபைக்குள் நுழைந்தார்.

"அரசே, மேலே வானம் வெறுமனே கிடக்கிறது. கீழே குடிகள் தெருவில் கிடக்கிறார்கள். இது என்ன நியாயம்?"

ராயர் சிரித்தார். "இடமில்லாதவர்கள் வேறு ஊர் பார்க்கட்டுமே! மந்திரியாருக்கு ஊர் நடத்துவது விளையாட்டாகப் போயிற்று. இளவரசிக்கு நடக்கப்போகும் கல்யாண விருந்தை ஒழுங்காக நடத்திக் காட்டட்டும் பார்ப்போம். முடியாவிட்டால் மந்திரி முத்திரையை வைத்துவிட்டுப் போகட்டும்."

"சம்மதம். ஆனால் நம் நகரச் சட்டப்படியேதான் நடத்துவேன்" என்றார் அறவாழியார்.

"சட்டப்படி நடந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?" என்று ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

கல்யாணத்தன்று ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே மாட்டுவண்டி திரும்பலாம். நாற்பது இலை போட்டதும் இடம் தீர்ந்தது. சங்கதி தெரிந்த ராயர் முதலிலேயே தன் சுற்றத்தைக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டார். இலை கேட்டு வந்த பிரபுக்களிடம், "ஒரு மோதிரம் கழற்றினால் என் மச்சானை எழுப்புகிறேன்" என்று பேரமும் நடத்தினார்.

வாசலில் ஒரே கூச்சல். மாப்பிள்ளையைப் பெற்ற ராஜா பட்டு அங்கவஸ்திரத்தோடு பசியில் நின்றார். "பெண் கொடுத்தவர்கள் சோறு போட மாட்டார்களா?" என்று அவர் கேட்டது தெருக்கோடிவரை கேட்டது.

விசயகண்டன் ஓடிவந்தான். "அறவாழியாரே! அண்டா அண்டாவாய்ச் சோறு இருக்கிறது. மண்டபம் காலியாய்க் கிடக்கிறது. சம்பந்திக்கு இலை இல்லையா? நெருக்கிப் போடும்!"

"கூடாது அரசே, அழகு கெட்டுவிடும்."

"இவர்கள் எழுந்ததும் இரண்டாம் பந்தியாவது வையும்!"

"பந்தியின் மேல் பந்தி கூடவே கூடாது. சட்டம்."

"எந்த மடையன் போட்ட சட்டம்?"

"தாங்கள் போட்டதுதான். வீடு என்ற இடத்தில் இலை என்று வைத்தேன், அவ்வளவே. சோறிருந்தும் பட்டினி போடுகிற சட்டம் இது. இன்று சம்பந்தி ஒரு நாழிகை நின்றார், தங்களுக்கு மானம் போகிறது. மூன்று மழைக்காலமாய்க் குடிகள் தெருவில் நிற்கிறார்களே, சந்தை மண்டபத்தில் ஒருத்தி ஊர் பார்க்கப் பிள்ளை பெற்றாளே, அப்போது போகாத மானமா?"

ராஜா தலைகுனிந்தான். பிறகு தானே ஓர் இலையை எடுத்து, இரண்டு இலைகளுக்கு நடுவே விரித்து, சம்பந்தியை உட்கார்த்தினான். பந்திமேல் பந்தி நடந்தது. ராஜா உத்தரவுப்படி மோதிரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசிப் பந்திவரை மோர் ஊற்றியவர் பூபதிராயர்.

நகர நிர்வாகம் அறவாழியார் கைக்கு வந்தது. ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றியபோது அவர் வாங்கவில்லை. "புத்திக்குப் பரிசு வேண்டாம் அரசே. முதலில் செய்த தப்பைச் சரிசெய்வோம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வீட்டுக் கிணற்றையும் வெளிச்சத்தையும் கெடுக்காமல் யாரும் மாடி கட்டலாம் என்று பறை அறைந்தார்கள். ஊரெல்லாம் கொத்தனார் கரண்டிச் சத்தம்.

அடுத்த ஐப்பசிக்குள் ராயர் வீடுகள் காலியாகிவிட்டன. அவரே தெருமுனையில் நின்று, "வாடகையைக் குறைத்திருக்கிறேன், வந்து பாருங்களேன்!" என்று கூவினார்.

சட்டிபானையோடு போன ஒரு கொத்தன் பெண்டாட்டி திரும்பிப் பார்த்தாள். "இருங்க ராயரே, எதிர்வீட்டையும் பாத்துட்டு வர்றோம்!"